திங்கட்கிழமை போதும்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மருந்துக்கடைக் கவுண்டரிலிருந்து வந்தது. எங்கள் ஊரான பாஸோ தெல் தாலாவில் இருப்பது ஒரே ஒரு மருந்துக்கடை. அதில் இருபத்திரண்டு வருடமாக நிற்கிறேன். எப்போதாவது மாவட்டப் பத்திரிகையின் ஞாயிறு இணைப்பில் என் கதை வரும். இதுவரை மூன்று வந்திருக்கிறது. மூன்றிலும் செம்மறியாடு உண்டு. இதில் இல்லை. ஆசிரியர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு, தோன்யா சுல்மாவின் வலது நெற்றியில், மயிர் தொடங்கும் இடத்தில், முதல் கொப்புளம் —

கிழமை, மணி, இடம் எல்லாம் சரிதான். ஆனால் மணியை முதல் வரியில் வைத்தால் நீங்கள் அங்கிருந்தே கணக்குப் போட ஆரம்பித்துவிடுவீர்கள். இந்தக் கதைக்குள் இருக்கும் யாரும் மணிக் கணக்குப் போடவில்லை. அதுதான் விஷயமே. எனவே அடித்துவிட்டேன்.

அடுத்து:

பிறர் நோயைத் தீர்ப்பவருக்கு ஒரு நாள் —

இது பாதிரியார் பேசுவதுபோல் இருந்தது. இதையும் அடித்தேன்.

மூன்றாவதாக ரொட்டிக்கடையில் காதில் விழுந்ததை அப்படியே வைத்துக்கொண்டேன்: ஊருக்கெல்லாம் அக்கி எழுதுகிறவருக்கே அக்கி வந்துவிட்டது. சொன்னவர்கள் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்கள். நானும் சிரித்தேன். அப்போது திங்கட்கிழமை ஆகியிருக்கவில்லை.

2

தோன்யா சுல்மாவுக்கு அறுபத்தொரு வயது. பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை. முப்பது வருடமாக அக்கியும் எழுதுகிறார். ('தோன்யா' என்பது பெயரில்லை, மரியாதைக்கு முன்னால் சேர்ப்பது. கதையில் 'அவள்' என்று எழுதிப் பார்த்தேன். கை வரவில்லை. எனவே கடைசிவரை 'அவர்'தான்.)

அக்கியை நாங்கள் குட்டிப்பாம்பு என்போம். உடம்பைச் சுற்றிக்கொண்டு போகும். தலையும் வாலும் சேர்ந்துவிட்டால் ஆள் காலி என்பார்கள். சேர்ந்து நான் பார்த்ததில்லை. சேரவிடாமல் தலைப்பக்கம் ஒரு கோடு, வால்பக்கம் ஒரு கோடு என்று சுல்மா கறுப்பு மையால் போடுவார். வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பார். மூன்று நாள், ஒரு நாள் விடாமல். காசு வாங்கமாட்டார். நன்றியும் சொல்லக் கூடாது, சொன்னால் பலிக்காது. வாய் தவறிச் சொல்லிவிட்டு அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் ஊரில் பாதிப் பேர்.

எனக்குப் பத்தொன்பது வயதில் விலாவில் வந்தபோது அவர்தான் எழுதினார். சரியாகிவிட்டது. மையால் சரியானதா, தானாகச் சரியானதா என்று மருந்துக்கடைக்காரனிடம் கேட்டால் ஒரு பதில் கிடைக்கும். அந்த விலாவைச் சுமப்பவனிடம் கேட்டால் வேறு பதில் கிடைக்கும். இரண்டு பேரும் நானே என்பதால் நான் இதைப் பற்றி யாரிடமும் வாதாடுவதில்லை.

நான்கு வருடத்துக்கு முன் டாக்டர் ஃபியோரெல்லா எங்கள் சுகாதார நிலையத்துக்கு வந்தார். திங்களும் வியாழனும், காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை. வந்த முதல் மாதமே ரகளை. நோயாளியின் முதுகு முழுக்க மை. எது கொப்புளம், எது கோடு என்று பிடிபடவில்லை. டாக்டர் நேரே பள்ளிக்கூடத்துச் சமையலறைக்குப் போய் நின்றார்.

"மைக்கு அடியில எனக்கு ஒண்ணுமே தெரியல தோன்யா. நீங்க எழுதி அனுப்பிடுறீங்க, நான் எதைப் பார்க்கிறது?"

"நான் எழுதாம அனுப்பினா அவன் உன்கிட்ட வரவே மாட்டான் பொண்ணே. எழுதினாத்தான் நான் சொல்றதைக் கேப்பான்."

டாக்டர் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்தார். சுல்மா ஒரு தட்டுப் பயறும் தொத்திறைச்சியும் வைத்தார். தட்டு காலியாவதற்குள் ஒப்பந்தம் ஆகிவிட்டது. சுல்மா கொப்புளத்தின்மேல் மை போடக் கூடாது, சுற்றித்தான் போடவேண்டும். எழுதி முடித்ததும், "மூணு நாளுக்குள்ள டாக்டரைப் பாரு, மாத்திரை மூணு நாளுக்குள்ள ஆரம்பிச்சாத்தான் பிடிக்கும்" என்று சொல்லி அனுப்பவேண்டும். பதிலுக்கு டாக்டர் மையைப் பற்றி வாயே திறக்கமாட்டார். அன்றிலிருந்து இருவரும் நல்ல சிநேகம். டாக்டர் சொன்னால் போகாதவர்கள்கூட சுல்மா மிரட்டினால் ஓடிப்போய் வரிசையில் நின்றார்கள்.

(இங்கே ஒரு அடிக்குறிப்பு வேண்டும். பத்திரிகையில் அடிக்குறிப்புக்கு இடம் தரமாட்டார்கள் என்பதால் அடைப்புக்குள் போடுகிறேன். எங்கள் பக்கத்தில் பாம்புக்கு நாள் எண்ணுவதற்கு ஒரு முறை உண்டு. பார்த்த நாள் பாம்பின் நாள். அது கணக்கில் சேராது. மறுநாள் சூரியன் உதிக்கும்போதுதான் 'ஒன்று' தொடங்கும். எழுதுகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் எண்ணுவார்கள், எழுதிக்கொள்கிறவர்களும் அப்படித்தான். நானும் அப்படித்தான். டாக்டர் 'மூன்று நாள்' என்றபோது அவர் மனதில் இருந்தது எழுபத்திரண்டு மணி நேரம். சுல்மா கேட்டுக்கொண்டது மூன்று நாள், அதோடு பாம்பின் நாள். நான்கு வருடமாக இந்த வித்தியாசம் ஒருவர் கண்ணிலும் படவில்லை. பெரும்பாலோர் சுல்மா மிரட்டிய மறுநாளே போய்விட்டதால் யாருக்கும் சேதமில்லை.)

3

புதன்கிழமையிலிருந்தே நெற்றியின் வலப்பக்கம் தொட்டால் எரிந்தது. கொண்டை ஊசியை இறுக்கிக் குத்தியதால் என்று சுல்மா நினைத்துக்கொண்டார். வியாழன் சாயங்காலம் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்றபோது மூன்று கொப்புளம் தெரிந்தது. முப்பது வருடமாகப் பார்க்கிற கண். ஒரு நொடிக்குமேல் ஆகவில்லை.

சமையலறையில் அவருடைய புருஷன் அடேமார் மாத்தே இலைக் கஷாயத்தைக் குழலால் உறிஞ்சிக்கொண்டிருந்தார். கம்பளி லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத மனுஷன்.

"என்ன கிழவி, கொம்பு முளைக்குதா?"

"பாம்பு."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

அடேமார் குழலை வாயிலிருந்து எடுத்தார். அவருக்கு அது பெரிய விஷயம்.

"மை எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். நான் எழுதி விடட்டுமா? வேணும்னா ஒரு மீசையும் சேர்த்து வைக்கிறேன்."

"உன் கையெழுத்து உனக்கே புரியாது. பேசாம இரு."

எழுதுகிறவர் தனக்குத்தானே எழுதிக்கொள்ள முடியாது. பக்கத்து ஊரில் எழுதிக்கொண்டிருந்தவர் மகளோடு ஸ்பெயினுக்குப் போய்விட்டார். ஆக டாக்டர்தான். டாக்டர் அன்று பகல் பன்னிரண்டு மணிக்குத்தான் கிளம்பிப் போயிருந்தார். சுல்மா கட்டைவிரலால் மற்ற விரல்களைத் தொட்டு எண்ணினார். வெள்ளி ஒன்று, சனி இரண்டு, ஞாயிறு மூன்று. திங்கள் காலை ஆறரைக்கு உதயம், எட்டுக்கு டாக்டர்.

"ஒண்ணரை மணி நேரம் முன்னப் பின்ன ஆகும். பரவால்ல. திங்கக்கிழமை முதல் நம்பர் நான்தான்."

எழுபது கிலோமீட்டர் தள்ளி மாவட்ட ஆஸ்பத்திரி இருக்கிறதே என்று நீங்கள் கேட்பீர்கள். இருக்கிறது. அங்கே அவசரப் பிரிவு ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும். ஆனால் அது ரத்தம் ஒழுகுகிறவர்களுக்கு என்பது எங்கள் ஊர் எண்ணம். மூன்று கொப்புளத்தைத் தூக்கிக்கொண்டு அங்கே போய் நிற்க ஒருவருக்கும் மனம் வராது. தவிர, அவர் கணக்கில் நாள் தாராளமாக இருந்தது.

(இந்த இடத்தில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் சேர்த்துப் பார்த்தேன். ஊருக்கே எழுதியவர், ஒரு சின்னப் பெண்ணின் கதவில் போய் — இல்லை. கர்வம் இருந்தால் கதை சுலபமாக இருக்கும். தலைக்கனத்துக்குக் கிடைத்த தண்டனை என்று மூடிவிடலாம். ஊர் அப்படித்தான் பிறகு பேசியது. ஆனால் அவரிடம் அது கிடையாது. முதல் நம்பர் வாங்க விடியுமுன்னே போய் நிற்கத் தயாராக இருந்த ஒரு பெண்மணியைக் கர்வி என்று எழுத என்னால் ஆகாது.)

4

சனிக்கிழமை பகல் பன்னிரண்டேகால். ஓஸ்கார் மருந்துக்கடையின் இரும்புக் கதவைப் பாதி இறக்கியிருந்தான். பன்னிரண்டரைக்கு மூடவேண்டும். மச்சான் வீட்டில் கரியடுப்பில் இறைச்சி ஏறியிருந்தது.

கதவுக்கு அடியில் குனிந்து தோன்யா சுல்மா உள்ளே வந்தார். தலைத்துணியைப் புருவம்வரை இழுத்துக் கட்டியிருந்தார்.

"ஏம்ப்பா, பாம்புக்கு டாக்டர் எழுதிக் குடுப்பாளே, அந்த மாத்திரை இருக்கா?"

"இருக்கே தோன்யா. யாருக்கு?"

சுல்மா துணியை மேலே தள்ளினார். வலது பக்கம் நெற்றி பூராவும் கொப்புளம். இமை தடித்துக் கண் சிவந்திருந்தது. மூக்கு நுனியில் தனியாக ஒன்று.

"அடக் கடவுளே. உங்களுக்கேவா?"

"பாம்புக்கு ஆள் அடையாளம் தெரியுமா என்ன? குடு."

"சீட்டு இல்லாம குடுக்கக் கூடாதே தோன்யா. போன மாசம்தான் இன்ஸ்பெக்டர் வந்து அலமாரி அலமாரியா பார்த்துட்டுப் போனார்."

"திங்கக்கிழமை டாக்டர் வந்ததும் சீட்டை வாங்கிக் குடுத்துடறேன்."

"அப்ப மாத்திரையையும் திங்கக்கிழமையே வாங்கிக்குங்களேன். இன்னிக்கு எத்தனாவது நாள்?"

"ரெண்டு."

"ரெண்டுதானே? திங்கக்கிழமை போதும்."

சுல்மா உடனே போகவில்லை. கவுண்டர் கண்ணாடிமேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"போதும்ங்கிறே?"

"மூணு நாள், மூணு நாள்னு ஊருக்கே நீங்கதான் சொல்றீங்க. உங்களுக்கு நான் சொல்லணுமா?"

"சரி" என்றார். துணியைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, மறுபடி குனிந்து வெளியே போனார். ஓஸ்கார் கதவை முழுதாக இறக்கிப் பூட்டினான்.

5

(ஓஸ்காரோடு எனக்குச் சரிப்படவில்லை. அவனுக்கு முகமே வரமாட்டேன் என்கிறது. வயது என்ன, கல்யாணம் ஆனவனா, ஒன்றும் தெரியவில்லை. கை மட்டும் தெரிகிறது, பூட்டைத் திருகுகிற கை.)

அவனுக்கு வேறு வசனம் கொடுத்துப் பார்த்தேன்.

முதல் திருத்தம். ஓஸ்கார் அலமாரியைத் திறந்து இரண்டு அட்டையைக் காகிதத்தில் சுற்றித் தருகிறான். "யார்கிட்டயும் சொல்லாதீங்க." இது நடக்காத காரியமா? இல்லை. அதற்கு முந்தின வாரம்தான் ரொட்டிக்கடைக்காரரின் பெண்ணுக்கு இருமல் என்று சீட்டு இல்லாமல் மாத்திரை கொடுத்தவன் அவன். ஆக இன்ஸ்பெக்டர் என்பது ஒரு சாக்கு. இறைச்சி கருகிவிடும் என்பது இன்னும் உண்மையான காரணம்.

ஆனால் அந்தத் திருத்தத்தையும் நான் முழுதாக ஏற்கவில்லை. கண் சிவந்திருக்கும்போது மாத்திரையை மட்டும் கையில் திணித்து அனுப்புவதும் சரியான வேலை இல்லை. பார்க்கவேண்டியவர் பார்க்கவேண்டும்.

இரண்டாம் திருத்தம். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தாள் ஒட்டியிருக்கிறது. டாக்டர் ஃபியோரெல்லாவின் கையெழுத்து, அவருடைய தொலைபேசி எண். இப்போதெல்லாம் மருந்துச் சீட்டு காகிதத்தில் வரவேண்டியதில்லை. டாக்டர் எங்கிருந்து அனுப்பினாலும் கடையின் திரையில் வந்து விழும். ஓஸ்கார் எண்ணை அழுத்துகிறான், கண்ணைப் படம் பிடித்து அனுப்புகிறான். சீட்டு வருகிறது. கூடவே, "உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பு, நான் அங்க சொல்லி வைக்கிறேன்" என்றும் வருகிறது. இரண்டு மணி பஸ்ஸில் சுல்மா ஏறுகிறார். மச்சான் வீட்டு இறைச்சி கருகவும் இல்லை.

எழுதி முடித்ததும் இதுதான் பிடித்திருந்தது. ஏன் அப்படி நடக்கவில்லை என்று யோசித்தேன். ஓஸ்கார் கெட்டவன் இல்லை, சோம்பேறியும் இல்லை. ஆனால் சுல்மாவின் பாம்புக்காக டாக்டரைக் கூப்பிடுவது என்பது அவன் புத்தியிலேயே தோன்றவில்லை. பாம்பைப் பற்றிச் சுல்மாவுக்குத் தெரியாததா? அவர் இரண்டு என்றால் இரண்டு. அவர்மேல் வைத்திருந்த மரியாதைதான் அவன் கையைக் கட்டிப்போட்டது. நான் இதை அவனுக்காகச் சொல்லும் சமாதானமாக வைக்கவில்லை. எப்படி நடந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

மூன்றாம் திருத்தம் மிகச் சின்னது. ஓஸ்கார் 'எத்தனாவது நாள்' என்று கேட்காமல் 'எத்தனை மணிக்குப் பார்த்தீங்க' என்று கேட்கிறான். அவ்வளவுதான்.

6

திங்கள் காலை ஏழு மணிக்குள் தோன்யா சுல்மா முதல் நம்பரை வாங்கிவிட்டார். வலது கண் திறக்கவில்லை. கூட வந்த அடேமார் அன்று ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. (இந்தப் பகுதி முழுக்க அடேமார் எனக்குச் சொன்னது.)

டாக்டர் ஃபியோரெல்லா கையுறையைப் போட்டுக்கொண்டே, "என்ன தோன்யா, நீங்களே வந்துட்டீங்க" என்று சிரித்தார். துணியை எடுத்ததும் சிரிப்பு நின்றது. நெற்றியைப் பார்த்தார். மூக்கு நுனியை அதைவிட அதிக நேரம் பார்த்தார்; அங்கே வந்தால் கண்ணுக்கும் போகும் என்பது டாக்டர்கள் கணக்கு.

"எப்ப வந்துது?"

"நாலாவது நாள் இப்பத்தான் பிறந்திருக்கு பொண்ணே. ஒண்ணரை மணி நேரம்தான் தாண்டியிருக்கு."

"நாள் வேண்டாம். முதல் கொப்புளத்தை என்னைக்கு, எத்தனை மணிக்குப் பார்த்தீங்க?"

"வியாழன் சாயங்காலம். ஆறு இருக்கும். ஆனா அது பாம்போட —"

டாக்டர் மேசையில் கிடந்த தாளின் ஓரத்தில் கூட்டல் போட்டார். எண்பத்தாறு என்று வந்தது. அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

"நான் மூணு நாள்னு சொன்னது எழுபத்திரண்டு மணி நேரம், தோன்யா."

"நீ மணின்னு சொல்லவே இல்லையே."

டாக்டர் வட்டத்துக்குள் இருந்த எண்ணை மறுபடி பார்த்தார்.

"இல்ல. சொல்லல."

நேரம் தாண்டிவிட்டாலும் கண் பக்கம் வந்துவிட்டதால் மாத்திரை கொடுத்தே ஆகவேண்டும் என்றார். ஒரு நாளைக்கு ஐந்து வேளை. சீட்டைத் தட்டிக் கடைக்கு அனுப்பினார். மாவட்ட ஆஸ்பத்திரியின் கண் பிரிவுக்கு அவரே பேசினார், முதல் ஆள் தட்டிக்கழித்தபோது குரலை உயர்த்தினார், மறுநாள் காலைக்கு இடம் வாங்கினார். எல்லாம் பத்து நிமிடத்துக்குள். பிறகுதான் கேட்டார்.

"நடுவுல யார்கிட்டயாவது காட்டினீங்களா? மருந்துக்கடையில ஏதாவது கேட்டீங்களா?"

"யார்கிட்டயும் கேக்கல" என்றார் சுல்மா.

7

பன்னிரண்டு மணிக்கு, ஊர் திரும்பும் முன், டாக்டர் மருந்துக்கடைக்கு வந்தார். உட்காரவில்லை.

"சனிக்கிழமை தோன்யா சுல்மா இங்க வந்தாங்களா? இல்லைங்கிறாங்க. எனக்கென்னவோ நம்பிக்கையில்ல."

"வரல டாக்டர்" என்றான் ஓஸ்கார்.

டாக்டர் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்துத் தாளைப் பார்த்தார்.

"இது எதுக்கு இங்க ஒட்டியிருக்குன்னு தெரியுமில்ல? ஞாயித்துக்கிழமையா இருந்தாலும் ரெண்டு நிமிஷத்துல சீட்டு அனுப்பியிருப்பேன்."

"தெரியும் டாக்டர்."

அவர் போனதும் ஓஸ்கார் —

(இந்த வாக்கியத்தை எட்டுத் தடவை எழுதினேன். அழுதான், உட்கார்ந்தான், அடுத்த ஆளுக்கு ஆஸ்பிரின் கொடுத்தான். மூன்றாவதுதான் நிஜம். ஆனால் அது எழுதத் தகுந்ததாக இல்லை. அப்படியே விட்டுவிடுகிறேன்.)

செவ்வாய்க்கிழமை கண் டாக்டர் பார்த்தார். கிருமி கருவிழிமேல் உட்கார்ந்துவிட்டதாம். சொட்டு மருந்து கொடுத்துக் கட்டுப் போட்டு அனுப்பினார். பூ விழலாம், விழாமலும் போகலாம், இரண்டு வாரம் கழித்துத்தான் சொல்லமுடியும் என்றாராம். சுல்மா பஸ்ஸில் திரும்பி வந்து, ஒற்றைக் கண்ணோடு பள்ளிக்கூடத்துக்குப் போய் உருளைக்கிழங்கு உரிக்கப் பார்த்திருக்கிறார். தலைமையாசிரியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

இந்த இடத்தில் முடிவு வரவேண்டும். இரண்டு எழுதினேன். ஒன்றில் கட்டை அவிழ்க்கும்போது ஜன்னல் வெளிச்சம் பளிச்சென்று தெரிகிறது. இன்னொன்றில் வெளிச்சத்துக்கு நடுவே ஒரு வெள்ளைப் புள்ளி, அது போவதே இல்லை. இரண்டையும் படித்துப் பார்த்தேன். அவருடைய கண்ணை அவரைக் கேட்காமல் எடுத்துக்கொண்ட மாதிரி இருந்தது. எனவே கேட்டுவிடலாம் என்று தாள்களைச் சுருட்டிக்கொண்டு புதன்கிழமை பிற்பகல் அவர் வீட்டுக்குப் போனேன்.

8

கண்ணில் கட்டு இருந்ததால் நானே வாசித்தேன். அடேமார் ஒரே குவளையில் ஆளுக்கு ஒரு முறையாக மாத்தே ஊற்றித் தந்துகொண்டிருந்தார். மீசை வரும் இடத்தில், "அது நல்லா இருக்கு, அதை எடுத்துடாதே" என்றார். மை, பயறு, ஒப்பந்தம் எல்லாவற்றுக்கும் சுல்மா தலையாட்டினார். நான்காம் பகுதி தொடங்கி ஒரு வரி தாண்டியதும் கையைத் தூக்கினார்.

"யாருடா அது ஓஸ்கார்?"

"கதைக்காக வெச்சது தோன்யா."

"உங்க கடையில நிக்கிறது நீ ஒருத்தன்தான். ஊரே சிரிக்கும். அவனைத் தூக்கிப் போட்டுட்டு உன்னை வை, வில்மார்."

மிச்சத்தையும் வாசித்தேன். நிறுத்தவில்லை அவர். டாக்டர் கடைக்கு வந்து கேட்டதையும், சுல்மா வரவில்லை என்று நான் சொன்னதையும் அப்போதுதான் முதல்முறையாகக் கேட்கிறார். முகத்தில் பாதிதான் தெரிந்ததால் என்ன நினைத்தார் என்று சொல்லத் தெரியவில்லை.

"நீங்க ஏன் டாக்டர்கிட்ட யார்கிட்டயும் கேக்கலன்னு சொன்னீங்க?" என்றேன்.

"உன் கடையை மூட வெச்சுட்டா? இருமல் மருந்துக்கு ஊரே எழுபது கிலோமீட்டர் போகணுமா?"

"இவ அதைச் சொன்னப்ப நான் டாக்டர் ரூம் கூரையைத்தான் பார்த்துட்டு இருந்தேன்" என்றார் அடேமார். "அங்க ஒரு ஒட்டடை இருக்கு. யாராவது அடிக்கணும்."

சுல்மா அவர் பக்கம் திரும்பவில்லை.

"இன்னொண்ணும் தப்பா எழுதியிருக்கே வில்மார். நான் மாத்திரைக்கு வந்தேன்னு."

"பின்ன எதுக்கு வந்தீங்க?"

"மாத்திரையும்தான். ஆனா வெள்ளிக்கிழமையே கண்ணுக்குள்ள மணல் போட்ட மாதிரி இருந்துது. அப்பவே எனக்குப் பயம். நாள் இருக்கு, நாள் இருக்குன்னு நானே சொல்லிக்கிட்டேன். முப்பது வருஷமா எல்லாரையும் மிரட்டி அனுப்புறது நான். போடா, நிக்காதே, டாக்டரைப் பாருன்னு. என்னைப் போன்னு சொல்ல ஊர்ல ஒரு ஆள் இல்ல. இந்தாள்கிட்ட சொன்னா மீசை வைக்கட்டுமாம்பான். நீ படிச்சவன், மருந்துக்காரன், நீ சொல்லுவேன்னு வந்தேன். தோன்யா, கிளம்பு, ரெண்டு மணிக்கு பஸ் இருக்குன்னு. நீ கத்தியிருந்தா போயிருப்பேன்டா."

கவுண்டர் கண்ணாடிமேல் அவர் கையை வைத்துக்கொண்டு நின்றது ஞாபகத்துக்கு வந்தது. அந்த நேரம் நான் சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அடேமார் என் முறை இல்லாதபோதும் எனக்கே ஊற்றித் தந்தார்.

"இதையும் எழுதவா?" என்றேன் கடைசியில்.

"எழுது. எனக்கும் பயம் வரும்னு ஊருக்குத் தெரியட்டும்."

"நீங்க டாக்டர்கிட்ட சொன்ன பொய்யை?"

"அது உன் பாடு. கடை உன்னோடது, கண்ணு என்னோடது."

முடிவு இரண்டையும் வாசிக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். இரண்டு தாளையும் வாங்கி அடேமாரிடம் கொடுத்து அடுப்பில் போடச் சொன்னார். அவரும் போட்டார்.

9

ஓஸ்காரை நான் அடிக்கவில்லை. நான்காம் பகுதியிலிருந்து ஏழாம் பகுதிவரை அவன் பெயர் வரும் இடத்திலெல்லாம் என் பெயரை வைத்து வாசித்துக்கொள்ளுங்கள். அவனுக்குப் பின்னால் எவ்வளவு நேரம் ஒளிந்திருந்தேன் என்பதும் கதையில் இருக்கட்டும் என்றுதான் விட்டிருக்கிறேன்.

இதை வியாழக்கிழமை காலை பத்திரிகைக்கு அனுப்புகிறேன். ஞாயிறன்று வரும். பெரும்பாலான வாசகர்கள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். உங்களுக்குத் தர என்னிடம் முடிவு இல்லை. இனி வருவது ஒரே ஒரு வாசகருக்கு. அவர் ஞாயிறு இணைப்பைத் திங்கட்கிழமை காலையில், முதல் நம்பரைக் கூப்பிடும் முன், சுகாதார நிலையத்து மேசையில் பிரிப்பார் என்று தெரியும்.

டாக்டர், சனிக்கிழமை அவர் வந்தார். பன்னிரண்டேகாலுக்கு வந்தார். வியாழன் மாலை ஆறு மணியிலிருந்து நீங்கள் எண்ணும் விதத்தில் எண்ணிப் பார்த்தேன். நாற்பத்திரண்டேகால் மணி நேரம்தான் ஆகியிருந்தது. இன்னும் ஏறக்குறைய முப்பது மணி நேரம் மிச்சம் இருந்தது. உங்கள் எண் என் இடது கைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அவர் கேட்டார். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை கேட்டார். இரண்டாவது தடவையும் அவரை அனுப்பி வைத்தது நான்தான். நீங்கள் கேட்டபோது வரவில்லை என்று சொன்னதும் நான்தான். அவர் உங்களிடம் சொன்ன பொய் எனக்காகச் சொன்னது. அவர்மேல் கோபப்படாதீர்கள்.

இரண்டு வாரம் முடிகிற செவ்வாயன்று அவருடைய கண்ணைப் பார்ப்பார்கள். பூ விழுந்திருக்கிறதா இல்லையா என்ற கடிதம் உங்கள் மேசைக்குத்தான் வரும். இன்ஸ்பெக்டருக்கு எழுதவேண்டிய கடிதம் ஏதாவது இருந்தால் அதுவும் உங்கள் மேசையிலிருந்துதான் போகும். இரண்டும் எப்படி இருந்தாலும் சரி. இந்தக் கதையின் முடிவை நீங்கள்தான் எழுதிக் கொடுக்கவேண்டும். எட்டு மணிக்குக் கடை திறந்திருக்கும், நான் கவுண்டரில் இருப்பேன்.